முதலாம் இடத்தில நிக்கிற ஈ.ரி.எஃப். வகையை மாத்தி மாத்தி வேண்டிறது: எத்தினை மாதக் கணக்கைப் பாக்கிறது?

கணக்குவாத்தி (திருநெல்வேலி), ஞாயிறு இரவு 8.50

வணக்கம். நான் பங்கு வேண்டிற ஆள் இல்லை, கணக்குப் போடுற ஆள். ஏ.எல். பெடியளுக்கு ரியூசன் குடுக்கிறன். ரொறன்ரோவில இருக்கிற அத்தான் போன தைப்பொங்கலுக்கு வந்து நிண்டவர். "உனக்கு எக்செல் தெரியும்தானே, அமெரிக்கச் சந்தையில இருக்கிற துறைவாரி ஈ.ரி.எஃப். எல்லாத்தையும் மாதா மாதம் லாப வரிசையில அடுக்கித் தா, முதலாவதா வாறதை நான் வேண்டுறன், அடுத்த மாதம் வேற ஒண்டு முதல் வந்தால் வித்துப்போட்டு அதுக்கு மாறுறன்" எண்டு சொல்லிப்போட்டுப் போனார்.

11 துறையையும் எடுத்துப் போட்டன். எக்ஸ்.எல். எண்டு தொடங்கிற நிதியங்கள்தான்: தொழில்நுட்பம், எண்ணெய்-எரிவாயு, வங்கி-நிதி, சுகாதாரம், மின்சாரம்-தண்ணி இப்பிடி. ஒன்பது 1998 டிசம்பரில வந்தது, காணி-கட்டடம் 2015, தொடர்பாடல் 2018.

பிரச்சினை இதுதான். மூண்டு மாத லாபத்தால அடுக்கினால் ஒரு வரிசை. ஆறு மாதத்தால அடுக்கினால் இன்னொரு வரிசை. ஒரு வருசத்தால அடுக்கினால் மூண்டாவதொரு வரிசை. நாலு மாதமாப் பட்டியல் அனுப்புறன், முதலாம் இடம் மூண்டு தரம் மாறிப்போச்சு. அத்தான் ஒவ்வொரு தரமும் "இப்ப எதைத்தான் வேண்டச் சொல்லுறாய்" எண்டு கேக்கிறார். எது சரியான காலம்?

சங்கானைச்சந்தை, ஞாயிறு இரவு 9.05

வாத்தியார், தலைப்பைப் பாத்திட்டு ஓடி வந்தன். ஈ.ரி.எஃப். எண்டால் எங்களுக்கு முதலாளி கட்டிற மூண்டு வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியம். அதில எந்த வகை முதலாம் இடம் எண்டு யோசிச்சுக் குழம்பிப்போனன். இது வேற சாமான் போல கிடக்கு. சரி, ஓரமா இருந்து வாசிக்கிறன்.

கணக்குவாத்தி, ஞாயிறு இரவு 9.11

ஓம் அண்ணை, இது வேற. ஒரு சுட்டெண்ணில இருக்கிற பங்கு எல்லாத்தையும் ஒரு கூடையில போட்டு, அந்தக் கூடையைத் துண்டு துண்டாப் பங்குச் சந்தையிலேயே விக்கிறது. ஒரு பங்கு வேண்டிற மாதிரியே வேண்டலாம்.

ஸ்காபரோ_குளிர், ஞாயிறு இரவு 9.30

அதில உலகத்திலேயே முதலாவது எங்கட ரொறன்ரோவிலதான் வந்தது, 1990இல. அமெரிக்காக்காரனுக்கு 1993 வரைக்கும் எடுத்தது. இதைச் சொல்லாமல் எனக்கு நித்திரை வராது. வரி விசயம் பிறகு எழுதுறன், இப்ப வேலைக்குப் போகோணும்.

இணுவில்_தோட்டம், ஞாயிறு இரவு 10.02

தம்பி, நான் வெங்காயம் வைக்கிறவன். எனக்கு இந்தப் பட்டியலின்ர கதை நல்லாத் தெரியும். ஒரு வருசம் சின்ன வெங்காயம் நல்ல விலை போகும். அடுத்த போகத்துக்கு இணுவில், சுன்னாகம், புன்னாலைக்கட்டுவன் எல்லா இடமும் வெங்காயம்தான். புகையிலை வைச்சவனும் அதைப் பிடுங்கிப்போட்டு வெங்காயம். அறுவடை வரேக்கை சந்தையில கேக்கிறதுக்கு ஆள் இல்லை. போன வருசம் முதல் வந்ததை இந்த வருசம் வைக்கிறவன் எப்பவும் கடைசியாத்தான் வருவான். உங்கட அத்தானுக்கு இதைச் சொல்லுங்கோ, எக்செல் தேவையில்லை.

பண்ணைக்காத்து, திங்கள் காலை 6.40

ஐயா சொல்லுறது வெங்காயத்துக்குச் சரி. ஏனெண்டால் விலை ஏறினால் மூண்டு மாதத்தில ஆர் வேண்டுமெண்டாலும் புதுசா வெங்காயம் உண்டாக்கலாம். ஒரு புதுச் சிப் தொழிற்சாலையை, ஒரு புது எண்ணெய்க் கிணத்தை மூண்டு மாதத்தில உண்டாக்க ஏலாது. அதாலயாக்கும் ஏறினது கொஞ்சக் காலம் ஏறிக்கொண்டே போறது. வெங்காய விளைவு வரும், ஆனால் வருசக் கணக்கில பிந்தி வரும்.

இதை ஆக்கள் அளந்து பாத்திருக்கினம். 1993இல ஜெகதீஷ், டிட்மன் எண்ட ரெண்டு பேர் அமெரிக்கப் பங்குகளை எடுத்துக் காட்டினவை: கடந்த 3 முதல் 12 மாதத்தில முன்னுக்கு நிண்ட பங்கு அடுத்த 3 முதல் 12 மாதமும் சராசரியா முன்னுக்கே நிக்குது. அதுக்கு முதலே, 1985இல டி பான்ட், தேலர் எண்டவை மூண்டு முதல் ஐஞ்சு வருசக் கணக்கைப் பாத்தவை. அங்க கதை தலைகீழ், தோத்தது வெல்லுது, வெண்டது தோக்குது. ஐயாவின்ர வெங்காயம் அந்த இடத்தில நிக்குது.

வாத்தியார் கேட்டதுக்கு வாறன். தனிப் பங்கெண்டால் கடைசி ஒரு மாதத்தை விட்டுப்போட்டு அதுக்கு முந்தின 11 மாதத்தைத்தான் எடுப்பினம், ஏனெண்டால் ஒரு மாதத்துக்குள்ள ஏறினது அடுத்த மாதம் கொஞ்சம் இறங்கிற பழக்கம் இருக்கு. ஆனால் துறை துறையாப் பாத்த மாஸ்கோவிட்ஸ், கிரின்பிளாட் (1999) துறைகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை, கடைசி மாதமே நல்லா வேலை செய்யுது எண்டு கண்டவை. அதால நீங்கள் கடைசி மாதத்தை வெட்டத் தேவையில்லை.

எந்தக் காலம் சரி எண்டதுக்கு ஒரு விடை இல்லை. சும்மா ஒரு கற்பனைக் கணக்கு, லாபம் வீதத்தில:

அ: 3 மாதம் 9, 6 மாதம் 4, 12 மாதம் 10
ஆ: 3 மாதம் 2, 6 மாதம் 12, 12 மாதம் 25
இ: 3 மாதம் 6, 6 மாதம் 9, 12 மாதம் 15

மூண்டு மாதம் பாக்கிறவனுக்கு அ முதல், ஆ கடைசி. மற்ற ரெண்டு காலத்திலயும் நேரெதிர். இ எதிலயும் முதல் வராது, எதிலயும் கடைசியும் வராது. மூண்டு காலத்துக்கும் இடத்தைப் போட்டுக் கூட்டிப் பாருங்கோ: ஆவுக்கு 5, இக்கு 6, அவுக்கு 7. நான் செய்யிறது இதுதான், ஒரு காலத்தை நம்பிறேல்லை. வரிசை மாறுற வேகமும் குறையும். உங்களுக்கு நாலு மாதத்தில மூண்டு தரம் மாறினது நீங்கள் மூண்டு மாத லாபத்தை எடுத்ததாலதான் எண்டு நினைக்கிறன்.

கணக்குவாத்தி, திங்கள் காலை 7.15

சரியாப் பிடிச்சிட்டியள். மூண்டு மாதம்தான். அத்தான் "புதுசா இருக்கோணும்" எண்டவர்.

கொக்குவில்_குறிப்பு, திங்கள் மாலை 5.20

அலுவலகத்தில வேலை குறைவு, கணக்குப் பாத்தன். ஆக எளிய விதி: ஒவ்வொரு மார்கழி முடிவிலயும் அந்த வருசம் முதலாம் இடத்தில வந்த துறையை அடுத்த வருசம் முழுக்க வைச்சிருக்கிறது. முழுச் சந்தை எண்டு எடுத்தது எஸ் அன்ட் பி 500, அமெரிக்காவின்ர பெரிய கம்பனிகளின்ர சுட்டெண். அதின்ர துறைச் சுட்டெண்கள், பங்கிலாபமும் சேத்து, ஏறத்தாழ வீதத்தில:

2016: வைச்சிருந்தது அவசியமில்லாத நுகர்வுப் பொருள், 6.0. முழுச் சந்தை 12.0.
2017: எண்ணெய், கழித்தல் 1.0. சந்தை 21.8.
2018: தொழில்நுட்பம், கழித்தல் 0.3. சந்தை கழித்தல் 4.4.
2019: சுகாதாரம், 20.8. சந்தை 31.5.
2020: தொழில்நுட்பம், 43.9. சந்தை 18.4.
2021: தொழில்நுட்பம், 34.5. சந்தை 28.7.
2022: எண்ணெய், 65.7. சந்தை கழித்தல் 18.1.
2023: எண்ணெய், கழித்தல் 1.3. சந்தை 26.3.
2024: தொழில்நுட்பம், 36.6. சந்தை 25.0.

ஒன்பதில ஐஞ்சு வெற்றி, நாலு தோல்வி. 100 டொலர் போட்டவனுக்கு 2024 முடிவில இந்த விதியால 546, ஒண்டும் செய்யாமல் முழுச் சந்தையை வைச்சிருந்தவனுக்கு 338.

ஸ்காபரோ_குளிர், திங்கள் மாலை 5.48

ஆ! அப்ப கதை முடிஞ்சுது. வாத்தியார், அத்தானுக்கு எடுத்துச் சொல்லுங்கோ.

கொக்குவில்_குறிப்பு, திங்கள் மாலை 6.02

பொறுங்கோ, முடியேல்லை. 2022ஐ மட்டும் வெட்டிப்போட்டுப் பெருக்கிப் பாருங்கோ. விதிக்கு 330. சந்தைக்கு 413. மற்ற எட்டு வருசத்திலயும் சேத்துப் பாத்தால் இந்த விதி தோத்திருக்கு. சந்தையைவிடக் கூட வந்த லாபம் முழுக்க ஒரே ஒரு வருசத்தில இருந்து வருது.

அந்த வருசத்தை ஞாபகப்படுத்துங்கோ. 2020இல எண்ணெய்த் துறைதான் கடைசி, கழித்தல் 33க்கும் மேல. சித்திரை 20ஆம் திகதி அமெரிக்க எண்ணெய் வாயிதா ஒப்பந்தம் (பிறகு எடுக்கிற எண்ணெய்க்கு முன்கூட்டியே பேசிற விலை) பீப்பாய்க்குக் கழித்தல் 37 டொலருக்குப் போனது. 2021இல 54 வீதத்துக்கு மேல ஏறி முதலாம் இடம். 2022 தை முதலாம் திகதி ஆர் துணிஞ்சு இனி எண்ணெய் எண்டு போயிருப்பான்? எல்லாரும் மின்சாரக் கார் எண்டு கதைச்சுக்கொண்டு இருந்த நேரம். அந்த ஒரு தரம் பட்டியலைத் தட்டிவிட்டவனுக்கு எட்டு வருச வேலையும் வீண்.

இணுவில்_தோட்டம், திங்கள் இரவு 7.30

அந்த வருசம் நான் தண்ணி இறைக்கிற மிசினுக்கு மண்ணெண்ணெய் எடுக்க மூண்டு நாள் வரிசையில நிண்டனான். அங்க அதே எண்ணெயால ஆக்கள் 65 வீதம் உழைச்சிருக்கினம். வயிறு எரியுது தம்பி.

பண்ணைக்காத்து, திங்கள் இரவு 7.44

கொக்குவில் அண்ணை, ஒரு குறை. மார்கழி முடிவு எண்டு ஏன் எடுத்தனீங்கள்? ஆனி முடிவில மாத்தினால் வேற விடை வரும். ஒன்பது முறை எறிஞ்ச காசை வைச்சுச் சொல்ல ஏலாது. மாதா மாதம், ஆறு மாதக் கணக்கில ஓடிப் பாக்கோணும்.

கொக்குவில்_குறிப்பு, திங்கள் இரவு 7.59

ஏற்றுக்கொள்ளுறன். ஆனால் ஆனியில தொடங்கினால் நல்லா வருது, மார்கழியில தொடங்கினால் வராது எண்டால், அதுவும் இந்த முறையைப் பற்றி ஏதோ சொல்லுதுதானே.

ஸ்காபரோ_குளிர், செவ்வாய் அதிகாலை 2.10

வேலையால வந்திட்டன். இப்ப வரி. அத்தான் எந்தக் கணக்கில வைச்சு வேண்டுறார் எண்டு முதல்ல கேளுங்கோ.

கனடாவின்ர ரி.எஃப்.எஸ்.ஏ. எண்ட வரியில்லாச் சேமிப்புக் கணக்கெண்டால் எத்தினை தரம் வித்தாலும் லாபத்துக்கு வரி இல்லை. 2009இல தொடங்கினது, 2024, 2025க்கு வருசம் 7000 டொலர் போட இடம். ஆனால் அதுக்குள்ள நட்டப்பட்டால் அந்த நட்டத்தை எங்கயும் கழிக்க ஏலாது, போன இடமும் திரும்ப வராது. ஒவ்வொரு நாளும் வித்து வேண்டிக்கொண்டு இருந்தால் வருமான வரிக்காரர் "இது சேமிப்பில்லை, தொழில்" எண்டு பிடிக்கலாம். மாதம் ஒருக்கா எண்டால் அந்தப் பயம் பெரிசா இல்லை. அமெரிக்க நிதியம் குடுக்கிற பங்கிலாபத்தில 15 வீதம் அமெரிக்கா எடுத்துப்போட்டுத்தான் விடும், இந்தக் கணக்கிலும்.

சாதாரணக் கணக்கெண்டால் வேற சிக்கல். நட்டத்துக்கு வித்த நிதியத்தை 30 நாளுக்குள்ள திரும்ப வேண்டி வைச்சிருந்தால் அந்த நட்டத்தைக் காட்ட ஏலாது. மனுசியின்ர கணக்கில வேண்டினாலும் அதேதான். உங்கட பட்டியலில நாலு மாதத்தில மூண்டு தரம் முதலாம் இடம் மாறியிருக்கு. நட்டத்துக்கு வித்த ஒண்டு 30 நாளுக்குள்ள திரும்பி வந்திருந்தால் நேரா இந்தக் கிடங்குக்குள்ளதான்.

மற்றது, கனடாக் காசை அமெரிக்க டொலரா மாத்திற கூலி. என்ர கணக்கில ஒரு பக்கத்துக்கு ஒண்டரை வீதத்துக்குக் கிட்ட. நான் ஒரு வருசம் இதைக் கவனிக்காமல் கனடாக் காசுப் பக்கத்தில இருந்தே வேண்டி வித்தன். ஒவ்வொரு விற்பனைக்கும் தானா மாத்திப்போட்டினம், திரும்ப வேண்டேக்கை திரும்ப மாத்தினம். வருசக் கடைசியில லாபம் பட்டியலில இருந்தது, பையில இல்லை. இப்ப டொலரை டொலராவே வைச்சிருக்கிறன்.

ஹரோ_பெடியன், செவ்வாய் காலை 11.25

லண்டன் ஆக்களுக்கு ஒரு குறிப்பு: எக்ஸ்.எல்.ஈ. (எண்ணெய்த் துறை நிதியம்) போன்ற அமெரிக்க நிதியங்களைச் சாதாரண ஆள் இஞ்ச வேண்ட விடமாட்டினம், அதுக்கான விளக்கத் தாள் இல்லை எண்டு. அயர்லாந்தில பதிஞ்ச அதே மாதிரித் துறை நிதியங்கள் லண்டன் சந்தையில இருக்கு, அதைப் பாருங்கோ.

சங்கானைச்சந்தை, செவ்வாய் மாலை 4.40

வாசிச்சுக்கொண்டு வாறன், ருசியா இருக்கு. ஒரு கேள்வி. நாங்கள் இஞ்ச இருந்து இதைச் செய்ய ஏலாதோ? கடன் அட்டை இருக்கு.

கொக்குவில்_குறிப்பு, செவ்வாய் மாலை 5.35

அண்ணை, அட்டையால எண்டு யோசிக்கவே வேண்டாம். 2017ஆம் ஆண்டு 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் இருக்கு, இஞ்ச வதியிற ஆள் வெளிநாட்டில முதலிடுறதுக்கு அதின்ர கீழ தனி வழிமுறை. ஆரும் "அப் ஒண்டு இருக்கு, அட்டையைத் தட்டினால் போதும்" எண்டு சொன்னால் முதல்ல உங்கட வங்கியில போய்க் கேளுங்கோ.

இதே விளையாட்டைக் கொழும்பில விளையாடலாம், நான் யோசிச்சுப் பாத்தனான். 2020இல இருந்து கம்பனிகளைச் சர்வதேச முறைப்படி 20 தொழில் குழுவாப் பிரிச்சிருக்கினம், அடுக்க வசதியாத்தான் இருக்கு. சந்தையின்ர கிளை யாழ்ப்பாணத்திலயே இருக்கு. ஆனால் கூலியைப் பாருங்கோ. சின்னக் காசுக்கு ஒரு பக்கம் 1.12 வீதம். வித்துத் திரும்ப வேண்டினால் 2.24. மாதா மாதம் மாறினால் வருசத்துக்கு 27 வீதத்துக்குக் கிட்ட கூலியாவே போகும். அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2023 முழுக்க ஏறினதே 25 வீதம் அளவில. இன்னொண்டு, சின்னக் குழுக்களில நாள் முழுக்க ஒண்டு ரெண்டு ஆள்தான் வேண்டி விப்பினம். பட்டியலில இருக்கிற விலைக்கு உங்களுக்குக் கிடைக்காது.

நான் ஒருக்காச் சூடு கண்டவன். 2021இல சுட்டெண் 80 வீதம் ஏறின நேரம் ஒரு தரகு நிறுவனத்துப் பெடியன் ஒவ்வொரு கிழமையும் "இப்ப ஓடுறது இதுதான் அண்ணை" எண்டு அனுப்புவார். மாறினன், மாறினன். அடுத்த வருசம் சுட்டெண் 30 வீதம் விழுந்தது, நான் அதைவிட விழுந்தன். அதே வருசப் பின்பாதியில பேசாமல் மூண்டு மாதத் திறைசேரி உண்டியலில (அரசாங்கத்துக்குக் குடுக்கிற குறுங்காலக் கடன்) போட்டிருந்தால் வருசக் கணக்கில 30 வீதத்துக்கு மேலயும் வட்டி குடுத்தவை.

பண்ணைக்காத்து, செவ்வாய் மாலை 6.10

அந்தக் கடைசி வசனம்தான் பட்டியலில இல்லாத 12ஆவது நிரல். வாத்தியார், 11 துறையோட அமெரிக்க உண்டியலையும் ஒரு வகையாச் சேருங்கோ. முதலாம் இடத்தில நிக்கிற துறை ஒரு வருசத்தில உண்டியல் வட்டியைவிடக் குறைவாத் தந்திருந்தால், அது முதலாவது இல்லை, விழுகிற ஆக்களுக்குள்ள மெதுவா விழுகிற ஆள் மட்டும்தான். அப்ப காசு உண்டியலுக்குப் போகோணும். இது 2008 மாதிரி நீண்டு விழுகிற வருசத்தில காப்பாத்தும். 2020 மாசி-பங்குனி மாதிரி ஐஞ்சு கிழமையில 34 வீதம் விழுந்து துள்ளினால் காப்பாத்தாது. மாத முடிவில நீங்கள் வெளியில வாற நேரம் சந்தை திரும்பி ஏறத் தொடங்கியிருக்கும்.

இன்னொண்டு. ஆரும் "எல்லா ஈ.ரி.எஃப். வகையும்" எண்டு பட்டியல் தந்தால் மேல நிக்கிற பத்தைக் கவனியுங்கோ. ரெண்டு மடங்கு, மூண்டு மடங்கு நிதியங்கள்தான் அதில நிறைய. அதை வரிசையில சேர்க்கவே வேண்டாம். சந்தை ஒரு நாள் 10 ஏறி, அடுத்த நாள் 10 இறங்கினால் 100 போட்டவனுக்கு 99. ரெண்டு மடங்கில 120 ஆகி 96. தள்ளாடுற சந்தையில இது ஒவ்வொரு கிழமையும் நடக்கும்.

ஸ்காபரோ_குளிர், செவ்வாய் இரவு 11.50

தங்கத்தையும் சேருங்கோ. 2025 ஒக்டோபரில அவுன்ஸ் 4000 டொலர் தாண்டினது. பொறுமையில எங்கட அம்மாவை வெல்ல இந்த 11 துறையிலயும் ஆள் இல்லை, அவ 40 வருசமா ஒரே வகையில நிக்கிறா, மாறவே இல்லை.

இணுவில்_தோட்டம், புதன் காலை 5.50

பவுண் பவுணா வைச்சிருக்கிறவைக்குப் பட்டியல் ஏன்.

கணக்குவாத்தி, புதன் இரவு 9.20

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவையும் வைச்சுப் புதுசாக் கோப்புச் செய்தன். 11 துறை, தங்கம், மூண்டு மாத உண்டியல். மூண்டு, ஆறு, பன்னிரண்டு மாத இடங்களைக் கூட்டி வரிசை. மாறுறது மூண்டு மாதத்துக்கு ஒருக்கா. முதல் மூண்டு இடத்துக்குள்ள நிக்கும் வரைக்கும் பழையதை விக்கிறேல்லை. இந்தக் கடைசி விதியைப் போட்டவுடனே பழைய நாலு மாதத்தில வந்த மூண்டு மாற்றம் ஒண்டாக் குறைஞ்சுது.

பிறகு அத்தானோட கதைச்சன். அவர் வரியில்லாக் கணக்கிலதான் வைச்சிருக்கிறார், அது நல்லது. ஆனால் கனடாக் காசுப் பக்கத்தில இருந்துதான் வேண்டியிருக்கிறார். குளிர் அண்ணை சொன்னதைச் சொன்னன், கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

கடைசியாக் கொக்குவில் அண்ணையின்ர 2022 கதையை வைச்சுக் கேட்டன்: "அத்தான், பட்டியலில எல்லாரும் சிரிக்கிற ஒரு துறை முதல் வருது எண்டு வையுங்கோ. வேண்டுவியளோ?"

"அதை விடு, ரெண்டாவதா நிக்கிறதைச் சொல்லு" எண்டார்.

கொக்குவில்_குறிப்பு, புதன் இரவு 9.31

அப்ப அவர் என்ர கணக்கில 330க்காரன்.

கணக்குவாத்தி, புதன் இரவு 9.40

அதைத்தான் நானும் சொன்னன். அஞ்சில ஒரு பங்குக் காசை மட்டும் இந்தப் பட்டியலுக்கு விடுறது, மிச்சம் முழுச் சந்தை நிதியத்தில கிடக்கட்டும் எண்டு ஒருமாதிரி ஒத்துக்கொள்ள வைச்சிருக்கிறன். அந்த அஞ்சில ஒண்டுக்கு வாக்குறுதி எழுதி வேண்டினனான்: பட்டியல் என்ன சொன்னாலும் வேண்டுறது. வாட்ஸ்அப்பில எழுதி அனுப்பியிருக்கிறார், அக்காவையும் அந்தக் குழுவில சேத்திட்டன்.

முதல் பட்டியல் இந்த மாதம் 31ஆம் திகதி இரவு. கோப்பு வேணுமெண்ட ஆக்கள் தனிமடல் போடுங்கோ. இணுவில் ஐயா, வெங்காய விலை மாதா மாதம் உங்களிட்ட எழுதி வைச்சது இருந்தால் தாங்கோ, அதுக்கும் ஒரு நிரல் போட்டுப் பாக்க ஆசையாக் கிடக்கு.

இணுவில்_தோட்டம், வியாழன் காலை 5.45

கொப்பி இருக்கு. 2009இல இருந்து. ஞாயிற்றுக்கிழமை வாங்கோ, பின்னேரம்தான், காலமை தண்ணி மாறவேணும்.